உன்னிச்செடி யானைகள்

சாலையோரத்தில் மஞ்சளும் சிவப்புமாகப் பூத்து நிற்கும் உன்னிச்செடியை எல்லோரும் பார்த்திருப்போம். வெள்ளைக்காரர்கள் தோட்ட அழகுக்காகக் கொண்டுவந்த அமெரிக்கக் கண்டத்துச் செடி அது. இன்று முதுமலைக் காட்டுக்குள் புதராக மண்டி, புல்லை முளைக்க விடுவதில்லை. புல் இல்லையென்றால் மான் எங்கே மேயும்? யானை எதைத் தின்னும்?

முதுமலையை ஒட்டிய கூடலூர்ப் பக்கத்தில் பெட்ட குரும்பர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய பழங்குடி மக்கள் இந்தச் செடியை வெட்டி எடுக்கிறார்கள். தண்டை வேகவைத்து, பட்டையை உரித்து, இரும்புச் சட்டத்தில் வளைத்துக் கட்டினால் அசல் உயரத்தில் யானை எழுந்து நிற்கிறது! எல்லாம் அவர்கள் ஊர்ப்பக்கம் நடமாடும் யானைகளின் சாயல்தான். 2021-இல் இவை லண்டன் பூங்காக்களில் நின்றன. 2024-இல் அமெரிக்கா போயின. காட்டில் செடி குறைகிறது, வீட்டுக்குக் கூலி வருகிறது.

வெட்டினால் மட்டும் போதாது. வேர் மிஞ்சினால் மறுபடி துளிர்க்கும். வேரோடு பிடுங்கி, உள்ளூர்ப் புல்லை வளர்த்து, சில ஆண்டுகள் விடாமல் களையெடுக்க வேண்டும். அதற்கு வெளியூர் ஒப்பந்தக்காரரைவிட, அந்த மண்ணை அறிந்த இந்த மக்களையே நம்பலாம் என்பேன். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டமும் காட்டைக் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்குத் தந்திருக்கிறது.