முனீஸ்வரனின் ரம்மும் சுருட்டும்: ரசனை யாருடையது?

(அம்பத்தூரில் நடந்த வாசகர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதம் எனக்கு வாட்ஸ்அப்பில் ஓர் அழைப்பிதழ் வந்தது. சென்னையில் ஒரு நட்சத்திர ஓட்டலில் 'உயர்தரச் சுருட்டும் முதிர்ந்த ரம்மும்' என்று ஒரு ரசனை மாலை. எந்தச் சுருட்டுக்கு எந்த ரம் பொருந்தும் என்று ஒரு நிபுணர் சொல்லித்தருவாராம். கட்டணம் என் ஒரு மாத உதவித்தொகையில் நல்ல பங்கு. முதுகலையில் உடன் படித்த நண்பர் அனுப்பியிருந்தார். நான் போகவில்லை. ஆனால் அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தேன். இந்த ஜோடியை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

பட்டாபிராம் பக்கம் எங்கள் தெருமுனையில், வேப்பமரத்தடியில் ஒரு முனீஸ்வரன் இருக்கிறார். கூரை கிடையாது, பூசாரி கிடையாது. ஆடி மாதம் படையல் போடுவோம். தலைவாழை இலையில் கோழிக்குழம்பு, அவித்த முட்டை, கருவாடு. பக்கத்தில் ஒரு கட்டுச் சுருட்டு, ஒரு பாட்டில் ரம். அந்த ரம், ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற என் பெரியப்பா ஆவடி கேன்டீனில் தன் மாத ஒதுக்கீட்டில் வாங்கியது. ஆவடிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, 'மிலிட்டரி சரக்கு' என்றால் எங்கள் பக்கம் தனி மரியாதை. பெரியப்பா ஒரு சுருட்டைப் பற்றவைத்து சாமி முன்னால் வைப்பார். மூடியைத் திறந்து முதல் பங்கை மண்ணில் ஊற்றுவார்.

ஐந்தாம் வகுப்பில் ஆசிரியர் ஒருவர் ஒவ்வொருவரிடமும் 'உங்க வீட்டுச் சாமி எது?' என்று கேட்டார். என் முறை வந்தபோது, 'முனீஸ்வரன் சார், சுருட்டு பிடிப்பாரு, ரம் குடிப்பாரு' என்று பெருமையாகச் சொன்னேன். வகுப்பே சிரித்தது. அவர், 'அதெல்லாம் சாமியில்லடா, காட்டேரி' என்றார். அன்று மாலை வீட்டுக்குப் போய் அம்மாவிடம், 'நாம சாமிய மாத்திக்கலாமா?' என்று கேட்டேன்.

தோழர்களே, இன்று நான் பேச வந்தது அந்தக் கேள்வியைப் பற்றித்தான். அதே சுருட்டு, அதே ரம். ஓட்டலில் அது ரசனை. எங்கள் தெருமுனையில் அது காட்டுமிராண்டித்தனம். நடுவில் என்ன மாறுகிறது?

முதலில் அந்த நிபுணர் சொல்வதைக் கேட்போம். கரும்பில் சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கழிவுப்பாகைப் புளிக்கவைத்து வடித்தால் ரம். அதை ஓக் மரப் பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் அடைத்து வைத்தால் மரத்தின் வாசனையும் நிறமும் ஏறும். சுருட்டுக்கான புகையிலையையும் உலர்த்தி, குவியலாக அடுக்கி, சூடேறிப் புளிக்கவிட்டுத்தான் பதப்படுத்துகிறார்கள். இரண்டும் காலத்தில் பழுத்தவை, அதனால் நாக்கில் சேர்கின்றன என்பது அவர்கள் விளக்கம். அதில் பொய் இல்லை. பீப்பாயிலிருந்து ஆண்டுதோறும் கொஞ்சம் ஆவியாகிப் போகும். ஸ்காட்லாந்தில் சுமார் 2 சதவீதம், வெப்பநாடுகளில் அதைவிடப் பல மடங்கு. அதற்கு 'தேவதைகளின் பங்கு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தேவதை குடித்தால் கவிதை. முனீஸ்வரன் குடித்தால் மூடநம்பிக்கை.

அந்த நிபுணர் சொல்லாமல் விடுவது, இவற்றைச் செய்தவர்கள் யார் என்பதை.

ஆங்கிலத்தில் 'செரூட்' என்கிறார்களே, அது நம் 'சுருட்டு' என்ற சொல்தான். 19ஆம் நூற்றாண்டில் திருச்சிராப்பள்ளிச் சுருட்டு லண்டன் வரை பெயர் வாங்கியிருந்தது. 1887-இல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில், கொலை நடந்த இடத்தில் கிடந்த சாம்பலைப் பார்த்தே அது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று துப்பறிவாளர் கண்டுபிடிக்கிறார். ஒரு நாவலாசிரியர் விளக்கம் கொடுக்காமலே வாசகருக்குப் புரியும் அளவுக்கு அந்தப் பெயர் பரவியிருந்தது. திண்டுக்கல் வட்டாரத்துப் புகையிலை, உறையூர்த் தொழிலாளிகளின் கை. இன்றும் உறையூரில் சிலர் அதைக் கையால் சுற்றுகிறார்கள். நட்சத்திர ஓட்டலின் பட்டியலில் உறையூர் இருக்காது, ஹவானா இருக்கும்.

ஹவானாவைக் குறைத்துச் சொல்லவில்லை. அங்கே சுருட்டுத் தொழிலாளிகள் 1865-இலிருந்து தங்களில் ஒருவரை மேடையில் உட்காரவைத்து, வேலை நேரத்தில் செய்தித்தாளும் நாவலும் வாசிக்கக் கேட்டார்கள். 'மாண்டிகிறிஸ்டோ' என்ற புகழ்பெற்ற சுருட்டின் பெயரே அப்படி வாசிக்கக் கேட்ட துய்மாவின் நாவலிலிருந்து வந்தது. பக்கத்திலேயே கண்ணூரில் பீடித் தொழிலாளிகளும் அதே வழக்கத்தை வைத்திருந்தார்கள். ரசனை என்ற சொல்லுக்கு யாராவது உரிமை கொண்டாட வேண்டுமானால் அந்தத் தொழிலாளிகள்தான் கொண்டாட வேண்டும்.

அடுத்து ரம். சுருட்டோடு சேர்த்துப் பரிந்துரைக்கப்படும் முதிர்ந்த ரம்களில் 'எல் டொராடோ 15' என்று ஒன்று உண்டு. தென் அமெரிக்காவின் கயானாவில் டெமராரா ஆற்றங்கரையில் தயாராகிறது. அதில் சேரும் ஒரு ரம், போர்ட் மொரான்ட் என்ற கரும்புத் தோட்டத்திலிருந்து வந்த பழைய மரவாலையில் வடிப்பது. அந்தத் தோட்டங்களில் முதலில் உழைத்தவர்கள் ஆப்பிரிக்க அடிமைகள். 1834-இல் அடிமைமுறை ஒழிந்ததும் முதலாளிகளுக்கு ஆள் தேவைப்பட்டது. ஜான் கிளாட்ஸ்டன் என்ற தோட்ட முதலாளி 1836-இல் கல்கத்தாவுக்குக் கடிதம் எழுதிக் கூலிகள் கேட்டார். பின்னாளில் இங்கிலாந்துப் பிரதமரான கிளாட்ஸ்டனின் அப்பா அவர். 1838-இல் முதல் கப்பல்கள் போய்ச் சேர்ந்தன. 1917 வரை சுமார் 2,39,000 இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கயானாவுக்குப் போனார்கள். அதில் ஒரு சிறு பங்கு மெட்ராஸ் துறைமுகம் வழியாகப் போனது. அவர்களில் நம் சேரிகளிலிருந்து பஞ்சத்துக்கும் பண்ணையாருக்கும் தப்பி ஓடியவர்கள் கணிசம்.

அவர்கள் வெறுங்கையோடு போகவில்லை. மாரியம்மனை, மதுரை வீரனை, முனீஸ்வரனை, காட்டேரியைக் கொண்டு போனார்கள். என் ஆசிரியர் வசவாகச் சொன்ன காட்டேரி, கயானாவில் 'காட்டேரி மா' என்று கும்பிடப்படுகிறாள். தப்பு என்று நாம் சொல்லும் பறை அங்கே இன்றும் 'தப்பு' என்ற பெயரிலேயே ஒலிக்கிறது. காவல் தெய்வங்களுக்கு அங்கேயும் ரம்மும் சிகரெட்டும்தான் படையல். கரும்பு வெட்டியவர்கள் அதிலிருந்து வடித்ததையே தங்கள் சாமிக்கு ஊற்றினார்கள். அங்கேயும் சனாதனிகள் இதை 'மதராஸிகளின் கீழான வழிபாடு' என்று பழித்தார்கள். கப்பலில் சாமி மட்டும் போகவில்லை, சாதியும் போயிருக்கிறது.

டெமராரா ரம் இங்கிலாந்துக் கடற்படைக்கும் போனது. மாலுமிகளுக்குத் தினப்படி ரம் கொடுக்கும் வழக்கம் 1970 ஜூலை 31 வரை அங்கே இருந்தது. ரம் படைவீரர்களின் சாராயமாகி, வெள்ளைக்காரன் படை வழியாக நம் ராணுவத்துக்கு வந்து, கேன்டீன் வழியாக என் பெரியப்பா கைக்கு வந்து, பட்டாபிராம் முனீஸ்வரனிடம் வந்து சேர்ந்திருக்கிறது. ஆக, இந்த ஜோடியை நேற்று வந்த ஓட்டல்காரர் கண்டுபிடிக்கவில்லை. சென்ட்ரல் பக்கம் பல்லவன் சாலையில் பாடிகாட் முனீஸ்வரன் கோயிலுக்குப் போய்ப் பாருங்கள். புது வண்டிக்குப் பூசை போட வருகிறவர்களிடம் கேட்டால் இந்தப் பொருத்தத்தை இலவசமாகச் சொல்லித்தருவார்கள்.

2003 ஆகஸ்டில், கோயில்களில் ஆடு கோழி பலியிடக் கூடாது என்று 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தூசி தட்டி எடுத்தது தமிழக அரசு. எதிர்ப்புக் கிளம்பி, அடுத்த ஆண்டே அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. யார் சாமியின் இலையில் கை வைக்கலாம் என்று அதிகாரத்துக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

'அப்படியானால் சுருட்டும் சாராயமும் நம் பண்பாடு, பெருமையாகக் குடிப்போம் என்கிறாயா?' என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டும்.

என் பெரியப்பா தொண்டைப் புற்றுநோயில் இறந்தார். கடைசி ஐந்து மாதம் அவரால் கஞ்சி கூட விழுங்க முடியவில்லை. சுருட்டுப் புகையை நுரையீரலுக்குள் இழுப்பதில்லை, அதனால் ஆபத்தில்லை என்று அவர் சொல்லிக்கொண்டே இருப்பார். அது பொய். புகை தங்கும் இடம் வாயும் தொண்டையும். மதுவும் புகையிலையும் தனித்தனியே செய்யும் கேட்டைக் கூட்டினால் வருவதைவிட, இரண்டும் சேர்ந்து அங்கே செய்யும் கேடு பெரிது. மருத்துவம் சொல்லும் பொருத்தம் இதுதான். நட்சத்திர ஓட்டலின் தொண்டைக்கும் சேரியின் தொண்டைக்கும் இதில் வேறுபாடு இல்லை. வேறுபாடு, நோயை எப்போது கண்டுபிடிக்கிறார்கள் என்பதில் இருக்கிறது.

அயோத்திதாசர் குடியை எதிர்த்தவர். 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அம்பேத்கர் தந்த 22 உறுதிமொழிகளில் மது அருந்தமாட்டேன் என்பதும் ஒன்று. அவர்கள் மேல்சாதி ஒழுக்கத்துக்குப் பயந்து அதைச் சொல்லவில்லை. குடியில் அழிகிற வீடு யாருடைய வீடு என்று பார்த்துச் சொன்னார்கள். என் பெரியம்மாவைக் கேட்டால் அவரும் அதையே சொல்வார்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அப்போது, 'குடித்துச் செத்தவனுக்கு எதற்கு 10 லட்சம்?' என்று கேட்டவர்களை மறக்காதீர்கள். குடியை எதிர்ப்பது வேறு, குடித்துச் செத்த ஏழையை இழிவுபடுத்துவது வேறு. முதலாவது நம் இயக்கத்தின் வேலை. இரண்டாவது சாதியின் வேலை. ரசனை மாலைக்குப் போகிறவரிடம் யாரும் ஒழுக்கம் கேட்பதில்லை.

ஆகவே நான் கேட்பது சுருட்டையும் அல்ல, ரம்மையும் அல்ல. அந்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு வந்த வெட்கத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறேன். அது எங்களுடையது அல்ல, எங்கள்மேல் வைக்கப்பட்டது. அதேசமயம், அந்த வெட்கத்துக்குப் பதிலாக பாட்டிலைப் பெருமையாகத் தூக்கிப் பிடிக்கவும் வேண்டாம். முனீஸ்வரனுக்குத் தொண்டையும் இல்லை, கல்லீரலும் இல்லை. நமக்கு இரண்டும் இருக்கின்றன.

பெரியப்பா இறந்தபிறகும் ஆடிப் படையல் நிற்கவில்லை. இப்போது பெரியம்மாதான் போடுகிறார். கோழிக்குழம்பு, முட்டை, கருவாடு எல்லாம் உண்டு. சுருட்டு ஒன்றே ஒன்று. அது சாமி முன்னால் எரிந்து சாம்பலாகும்வரை நிற்கிறார். பிறகு பாட்டிலைத் திறந்து முழுவதையும் வேப்பமரத்தடி மண்ணில் ஊற்றிவிடுகிறார். சுற்றி நிற்கும் ஆண்கள் பார்த்துக்கொண்டே நிற்பார்கள். போன வருடம் ஒருவர் கேட்டேவிட்டார், 'கொஞ்சமாவது மிச்சம் வையேன்க்கா' என்று.

'சாமி பங்கு சாமிக்கு. உங்களுக்குக் குழம்பு இருக்கு, உக்காந்து சாப்பிடுங்க' என்றார் பெரியம்மா.