காணொலி தொகுப்பில் வரும் தடங்கல்கள்: கணினியைக் குறை சொல்லும் முன்

(மாவட்ட அளவிலான ஆசிரியர் பயிற்சி ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பாடக் காணொலி எடுப்பது எப்படி என்று உங்களிடம் பலரும் பேசியிருப்பார்கள். 2019இல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது, பாடநூலில் கியூஆர் குறியீடு வந்தது, பெருந்தொற்றுக் காலத்தில் நாம் எல்லோருமே செல்பேசியைத் தூக்கிக்கொண்டு படம் பிடித்தோம். அதனால் எடுப்பதைப் பற்றி நான் சொல்லப் போவதில்லை. எடுத்ததைக் கணினியில் ஏற்றிய பிறகு அது முரண்டு பிடிக்கிறதே, அதைப் பற்றித்தான் இன்று பேச்சு. நல்ல ஆசிரியர்கள் பலர் காணொலி முயற்சியைக் கைவிடுவது அந்த இடத்தில்தான்.

நான் அதிகம் கேட்கும் புகார் இது: "சார், வாய் ஒரு பக்கம் அசையுது, குரல் பின்னாடி வருது." தொடக்கத்தில் எல்லாம் சரியாக இருக்கும். ஐந்தாவது நிமிடத்தில் லேசாக விலகும், பத்தாவது நிமிடத்தில் கண்ணுக்கே தெரியும். கணக்குப் பாடமென்றால் பொறுத்துக்கொள்ளலாம். ல, ள, ழ வேறுபாட்டை நாக்கையும் உதட்டையும் காட்டிச் சொல்லித் தரும் காணொலியில் அரை நொடி விலகினாலும் பாடமே பிழையாகிவிடும்.

இதற்குக் காரணம் உங்கள் கணினி அன்று, செல்பேசி. நொடிக்கு 30 படங்கள் என்று அமைப்பில் இருந்தாலும் செல்பேசி அதைக் கறாராகக் கடைப்பிடிப்பதில்லை. வெளிச்சம் குறைந்தால் ஒவ்வொரு படத்துக்கும் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டு 24, 25 என்று இறங்கிவிடும். வெளிச்சம் வந்தால் ஏறும். இப்படி ஏறி இறங்கும் கோப்பைச் சில தொகுப்பு மென்பொருள்கள் சீரான வேகம் என்று எண்ணிக் கையாளும். ஒலி தன் வேகத்தில் ஓடும், படம் பின்தங்கும் அல்லது முந்தும். ஒலியைக் கொஞ்சம் முன்னே பின்னே நகர்த்திச் சரிசெய்யப் பார்ப்பது வீண் வேலை. ஓரிடத்தில் பொருந்தும், இன்னோரிடத்தில் விலகும்.

தொகுக்கத் தொடங்கும் முன்பே கோப்பைச் சீரான வேகத்துக்கு மாற்றிவிடுங்கள். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் வீடியோ பகுதிக்குப் போய் 'கான்ஸ்டன்ட் ஃபிரேம் ரேட்' என்பதைத் தேர்ந்து, 30 என்று குறித்தால் போதும். ஷாட்கட், கேடென்லைவ் இரண்டும் இத்தகைய கோப்பைக் கண்டால் "மாற்றித் தரட்டுமா?" என்று தாமாகவே கேட்கும். அந்தப் பெட்டியைப் படிக்காமல் மூடிவிடுவது நம் வழக்கம்! அடுத்த முறை எடுக்கும்போது சன்னல் பக்கம் முகம் காட்டி நில்லுங்கள். வெளிச்சம் போதுமானால் பாதித் தொல்லை அங்கேயே தீர்ந்துவிடும்.

இரண்டாவது புகார், கணினி திணறுகிறது என்பது. ஓட்டினால் படம் விட்டுவிட்டு வருகிறது, அல்லது குரல் மட்டும் கேட்கிறது, படம் கறுப்பு. புதிய செல்பேசிகளில் பல, இடத்தை மிச்சப்படுத்த எச்.265 என்ற முறையில் பதிவு செய்கின்றன. அதைப் பிரித்துக் காட்ட, பழைய கணினியின் செயலி படாத பாடு படும். செல்பேசியின் கேமரா அமைப்பில் 'ஹை எஃபிஷியன்சி' என்பதை அணைத்துவிட்டு எச்.264இல் எடுங்கள். நம் தேவைக்கு 4கே வேண்டவே வேண்டாம், 1080 தாராளம்.

ஏற்கெனவே எடுத்தாகிவிட்டதா? 'பிராக்சி' என்ற வசதி இருக்கிறது. மென்பொருள் ஒவ்வொரு கோப்புக்கும் சிறிய நகல் ஒன்று செய்துகொள்ளும். நீங்கள் வெட்டுவதும் ஒட்டுவதும் அந்த நகலில். கடைசியில் வெளியிடும்போது அசல் கோப்பை எடுத்துக்கொள்ளும். நகல் தயாராகச் சற்று நேரமாகும். மதிய உணவு இடைவேளையில் ஓடவிட்டுப் போகலாம். இதைச் செய்து பார்க்காமல் புதுக் கணினி கேட்டு விண்ணப்பம் எழுதாதீர்கள். கணினிப் பெட்டியின் மின்விசிறியையும் ஒரு முறை பாருங்கள். அதில் தூசி அடைத்திருந்தால் செயலி சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

அடுத்தது மனம் நோகும் விஷயம். எனக்குத் தெரிந்த நடுநிலைப் பள்ளி ஆசிரியை ஒருவர், நெம்புகோலும் கப்பியும் பற்றி மாணவர்களையே நடிக்கவைத்துப் படம் பிடித்தார். கிணற்று ராட்டினம், பாக்குவெட்டி, ஏற்றம் எல்லாம் அதில் உண்டு. மூன்று நாள் உட்கார்ந்து தொகுத்தார். ஆய்வகக் கணினியைப் புதுப்பிக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் 'பிராஜெக்ட்' கோப்பைப் பென் டிரைவில் எடுத்து வைத்துக்கொண்டார். பிறகு திறந்து பார்த்தால் ஒரு காட்சியும் இல்லை. எல்லா இடத்திலும் 'கோப்பு காணவில்லை' என்றே வந்தது.

பிராஜெக்ட் கோப்பில் படமே கிடையாது என்பதை யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. எந்தக் கோப்பில் எந்த நொடி முதல் எந்த நொடி வரை என்ற குறிப்பு மட்டும்தான் அதில் இருக்கும். சமையல் குறிப்பு போல. அரிசியும் பருப்பும் வேறு இடத்தில். இடமாற்றம் செய்தாலோ பெயர் மாற்றினாலோ அந்தத் தொடர்பு அறுந்துவிடும். இடம் மட்டும் மாறியிருந்தால் 'கோப்பைத் தேடு' என்று புதிய இடத்தைக் காட்டி மீட்கலாம். அழிந்தே போயிருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. அந்தப் பிள்ளைகள் இப்போது வேறு பள்ளியில் படிக்கிறார்கள்; மறுபடி எடுக்க வழியில்லை.

ஆகவே, வேலை தொடங்கும் முன் ஒரே ஒரு கோப்புறை. படம், ஒலி, எழுத்து, பிராஜெக்ட் எல்லாம் அதற்குள்ளேயே. எடுத்துப் போனால் கோப்புறையை முழுதாக எடுத்துப் போங்கள். செல்பேசியிலிருந்து அசலை அழிப்பதற்கு முன் இரண்டு இடங்களில் நகல் இருக்கிறதா என்று பாருங்கள்.

பென் டிரைவ் பற்றி ஒரு வார்த்தை. 32 ஜிபி காலியாக இருக்கும், 5 ஜிபி கோப்பை ஏற்க மறுக்கும். அது 'ஃபேட்32' முறையில் அமைந்திருக்கிறது என்று பொருள். அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. 'எக்ஸ்ஃபேட்' முறைக்கு மாற்றிக்கொள்ளலாம். மாற்றும்போது உள்ளே இருப்பது எல்லாம் அழியும், முதலில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் காணொலியாக அனுப்பாதீர்கள், அது நசுக்கிவிடும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள்.

தமிழ் எழுத்து உடைவது நம்முடைய தனிச் சிக்கல். தலைப்பில் 'கொடி' என்று தட்டினால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். பழைய எழுத்துருவில் தட்டிய பாடக்குறிப்பை ஒட்டினால் ஒன்றுமே புரியாது. ஒருங்குறியில் தட்டுங்கள், 2010 முதல் அதுதான் அரசு ஏற்ற முறையும்கூட. அப்படியும் மென்பொருள் உடைத்தால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். லிபர்ஆபீஸ் இம்ப்ரெஸில் தலைப்பை அமைத்து, பிஎன்ஜி படமாகச் சேமித்து, அந்தப் படத்தைக் காணொலியில் செருகுங்கள். படத்துக்கு எழுத்து உடையத் தெரியாது.

மின்வெட்டு வந்தால் பதற்றம் வேண்டாம். வெளியிடும் நடுவில் நின்றுபோன எம்பி4 கோப்பு திறக்காது, ஏனென்றால் அதன் அட்டவணை கடைசியில்தான் எழுதப்படும். அதை அழித்துவிட்டு மறுபடி வெளியிடுங்கள், உங்கள் தொகுப்பு பத்திரமாகவே இருக்கும். ஓபிஎஸ் கொண்டு திரையைப் பதிவு செய்பவர்கள் எம்கேவி முறையில் பதிந்தால், நடுவில் மின்சாரம் போனாலும் அதுவரை பதிந்தது மிஞ்சும். பிறகு அதிலேயே எம்பி4 ஆக மாற்றிக்கொள்ளலாம்.

வெளியிடும் அளவையும் சொல்லிவிடுகிறேன். கோப்பின் எடையைத் தீர்மானிப்பது 'பிட்ரேட்'. நொடிக்கு 8 மெகாபிட் என்று வைத்தால் பத்து நிமிடப் பாடம் 600 எம்பி. 720 அளவில் 2 மெகாபிட் வைத்தால் அதே பாடம் 150 எம்பி. வேலைக்குப் போன அப்பா இரவு வீடு திரும்பியதும் அவர் செல்பேசியை வாங்கி, அன்றைய தரவில் மிஞ்சியதை வைத்துத்தான் நம் பிள்ளை பார்க்கிறது. 600 எம்பி என்றால் அது பார்க்காது. கரும்பலகையில் எழுத்தைப் பெரிதாக எழுதுங்கள், 720இல் நன்றாகவே தெரியும்.

நீங்கள் கொண்டுவந்த கோப்புகளை இனித் திறக்கலாம். குரல் விலகும் காணொலி யாரிடமாவது இருந்தால் அதையே முதலில் எடுத்துக்கொள்வோம்.