துணி நாப்கினும் மொட்டை மாடிக் கொடியும்

(நமது நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)

குழந்தை வளர்ப்பைப் பற்றிப் பேசச் சொன்னார் செயலாளர். அது கடல். நான் வங்கியில் பேரேடு எழுதிய பி.காம்.காரி. அதனால் கணக்குப் போடக்கூடிய ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன்: குழந்தைக்குக் கட்டும் துணி.

ஆரணிப் பக்கம் ஊரே பட்டு நெய்தாலும், குழந்தையின் இடுப்பில் கட்டியது பழைய பருத்தி வேட்டிதான். துவைத்துத் துவைத்து நைந்த வேட்டியைச் சதுரமாகக் கிழித்து, முக்கோணமாக மடித்து, முடிச்சுப் போடுவார்கள். பழந்துணிதான் ராசி என்பார்கள் பெரியவர்கள். ராசியோ என்னவோ, காரணம் உண்டு. புதுப் பருத்தித் துணி நீரைச் சரியாக இழுக்காது. நாலைந்து முறை துவைத்த பிறகுதான் இழுக்கும். இன்று கடையில் துணி டயப்பர் வாங்கும் சில பெண்கள் 'ஒழுகுகிறது' என்று முதல் வாரமே அதை மூட்டை கட்டி வைத்துவிடுகிறார்கள். துணியை வாசனையாக்கும் திரவத்தில் அலசினாலும் இதே கதைதான். அது நூலின் மேல் ஒரு பூச்சாகப் படிந்து, ஈரத்தை உள்ளே விடாது.

இப்போது கணக்கு. ஒரு டயப்பர் பத்து ரூபாய் என்று வையுங்கள். நாளைக்கு ஆறு. இரண்டு வருஷத்துக்கு 4,380 டயப்பர், 43,800 ரூபாய். பகலில் துணி, இரவில் மட்டும் ஒரு டயப்பர் என்றால் 730 டயப்பர், 7,300 ரூபாய். துணிக்கும் சோப்புக்கும் தாராளமாக ஐயாயிரம் சேருங்கள். மிச்சத்தை ஆர்.டி.யில் போடலாம். (பழக்க தோஷம், மன்னிக்கவும்.)

பணத்தை விட எனக்கு உறுத்துவது அந்த 4,380 எங்கே போகிறது என்பது. பாம்பர்ஸ் அமெரிக்காவில் 1961-ல் வந்தது. இன்றைய டயப்பரின் உள்ளே மரக்கூழும், ஈரத்தை உறிஞ்சி ஜெல்லாக மாறும் ஒரு வேதிப்பொருளும் இருக்கின்றன, வெளியே பிளாஸ்டிக். மட்காது, மறுசுழற்சிக்கும் யாரும் எடுக்கமாட்டார்கள். 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், பயன்படுத்திய டயப்பரை நன்றாகச் சுற்றித்தான் கொடுக்க வேண்டும் என்றன. சுற்றுவதற்கான உறையைத் தயாரிப்பாளரே தர வேண்டும் என்றும் கூறின. புனேயில் குப்பை சேகரிப்போரின் கூட்டுறவு அமைப்பான 'ஸ்வச்', பொட்டலத்தின் மேல் ஒரு சிவப்புப் புள்ளி வைத்துக் கொடுங்கள் என்று வீடு வீடாகக் கேட்டது. பிரித்துப் பார்க்காமலே உள்ளே என்ன என்று தெரிந்துவிடும். அவ்வளவுதான் அவர்கள் கேட்டது. நம் கட்டடத்தில் குப்பையைக் கையால் பிரிக்கும் அம்மாக்கள் அதைக்கூடக் கேட்பதில்லை.

துணி என்றாலே புண்ணியம் என்றும் நான் சொல்லவரவில்லை. இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2008-ல் ஒரு கணக்குப் போட்டது. இரண்டரை வருஷத்துக்கு டயப்பரால் சுமார் 550 கிலோ கரியமில வாயு. துணியால் சுமார் 570 கிலோ. துணிதான் கொஞ்சம் கூட! காரணம் அங்கே வெந்நீர், உலர்த்தும் இயந்திரம். வெளியே கொடியில் காயவைத்து, இயந்திரம் நிறைய ஒரே தடவையில் துவைத்து, அதே துணியை இரண்டாவது குழந்தைக்கும் கட்டினால் சுமார் 200 கிலோ குறையும் என்றும் அதே அறிக்கை சொன்னது. நம் ஊரில் வெயிலுக்கா பஞ்சம்?

ஆனால் துவைப்பது யார்? இந்தக் கேள்வியை விட்டுவிட்டுப் பழம்பெருமை பேசுவது எனக்குப் பிடிக்காது. நான் பிள்ளை பெற்ற காலத்தில் சட்டம் சொன்ன பிரசவ விடுப்பு 12 வாரம்; 26 வாரம் ஆனது 2017-ல்தான். விடுப்பு முடிந்து கவுன்டரில் உட்கார்ந்தபோது, வீட்டில் மாமியார் இருந்தார். காலை நீட்டி, இரண்டு பாதங்களுக்கு நடுவில் குழந்தையை உட்காரவைத்து 'உஸ்ஸ்' என்பார். அது போய்விடும். அதிலேயே பாதித் துணி மிச்சம். மீதியை விடியற்காலை ஐந்து மணிக்கு நான் அலசினேன். ஐப்பசி அடைமழையில் அடுப்பு மேடைக்கு மேல் கொடி கட்டினோம். இன்று மாமியார் வேறு ஊரில். பெண் லேப்டாப் முன்னால். அவளிடம் போய் 'எங்க காலத்தில்' என்று ஆரம்பிப்பது நியாயமில்லை. அப்பாக்களும் தாத்தாக்களும் ஒரு வாளியைத் தூக்கினால் பிறகு பேசலாம். மலத்தைக் கழிவறையில் தட்டிவிட்டு, துணியை ஒரு அலசு அலசி, மூடியுள்ள வாளியில் போட்டு வைத்தால் மறுநாள் இயந்திரம் பார்த்துக்கொள்ளும். சோப்பு நன்றாகப் போக அலசினால் போதும். தினமும் கிருமிநாசினி வேண்டாம். டயப்பரோ துணியோ, ஈரத்தை உடனே மாற்றாவிட்டால் புண்தான்.

சங்கத்திடம் இரண்டு கோரிக்கைகள். பால்கனியில் துணி தொங்கக்கூடாது என்று விதி வைத்திருக்கிறோம், அழகுக்காக, சரி. அப்படியானால் மொட்டை மாடிக் கதவைக் காலை ஏழு முதல் மாலை ஐந்து வரை திறந்துவிட்டு, கிழக்குப் பக்கம் நான்கு கொடி கட்டித் தாருங்கள். கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கு முன்னுரிமை. இரண்டாவது, ஒவ்வொரு தளத்திலும் சிவப்பு மூடி போட்ட தனிக் கூடை; வீட்டுக்கு ஒரு சிவப்பு ஸ்கெட்ச் பேனா. பேனாச் செலவு என்னுடையது.

கழிவறையில் டயப்பரைப் போட்டுத் தண்ணீர் ஊற்றுபவர்கள் யார் என்று நான் கேட்கப்போவதில்லை. போன மாதம் அடைப்பு எடுக்க வந்தவருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று பொருளாளர் இப்போது சொல்வார்.