வாயிலில் நின்றவர்கள்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நீதி கேட்டுச் சென்ற கண்ணகி மதுரை அரண்மனையில் முதலில் கண்டது பாண்டியனை அன்று, வாயிற்காவலனை. அவள் கோலம் கண்டு அவன் நடுங்கினான். ஆனால் விரட்டவில்லை. உள்ளே சென்று, வந்திருப்பவள் எத்தகையவள் என்று அரசனிடம் உரைத்தான். வரவிடு என்றான் அரசன். வழக்குரை காதையை மேடைதோறும் பேசுகிறவர்கள் சிலம்பு உடையும் இடத்திற்கு விரைந்து போய்விடுவதால், இந்த வாயிற்காட்சி பெரும்பாலும் பேசப்படுவதில்லை. ஆராயாது கொலைத்தண்டனை விதித்த அரசன்மீதும் படிப்பவர்க்கு ஓர் இரக்கம் எஞ்சுகிறதென்றால், தன்னைக் குற்றம் சாட்ட வந்தவளுக்கு அவன் கதவைத் திறக்கச் சொன்னதும் அதற்கு ஒரு காரணம்.

இவ்வட்டம் பத்தாண்டுகளாகக் கூடிவரும் இந்தத் தியாகராய நகரிலும் அப்படியொரு வாயில் இருந்தது. இராஜாஜியின் வீட்டு வாயில் அது. அந்த வாயிலின் கதையைச் சொல்லப் புகுமுன் திருச்சிராப்பள்ளிக்குச் சென்று வர வேண்டும்.

1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியில் டாக்டர் தி.சே.சௌ. இராஜன் இல்லத்திலிருந்து ஏறத்தாழ நூறு தொண்டர்கள் வேதாரணியம் நோக்கி நடக்கத் தொடங்கினர். தலைமை தாங்கியவர் இராஜாஜி. தொண்டர்களுக்கு உணவோ உறைவிடமோ அளிப்பவர் தண்டிக்கப்படுவர் எனத் தஞ்சை மாவட்ட ஆட்சியர் தார்ன் எச்சரித்திருந்தார். மக்கள் உணவுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். மரம் சோறு போட்டால் மரத்தைக் கைது செய்ய முடியுமா? அந்தப் படைக்கு நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளை பாட்டு எழுதிக் கொடுத்தார். ஏறத்தாழ நூற்றைம்பது மைல் நடந்து, கடற்கரையில் உப்பு அள்ளி, ஏப்ரல் 30 அன்று இராஜாஜி கைதானார்.

எட்டாண்டுகள் கழிந்தன. 1938 ஆகஸ்டு முதல் நாள் அதே திருச்சியிலிருந்து இன்னொரு படை புறப்பட்டது. அதிலும் ஏறத்தாழ நூறு பேர். ‘தமிழர் படை’ என்பது அதன் பெயர். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார், பட்டுக்கோட்டை அழகிரிசாமி முதலியோர் உடன் நடந்தனர். ஊர்தோறும் கூட்டம் போட்டு, நாற்பத்திரண்டு நாள் நடந்து, செப்டம்பர் 11 அன்று சென்னை வந்தடைந்தார்கள். அந்தக் கிளர்ச்சிக்கும் பாட்டு இருந்தது, எழுதியவர் பாரதிதாசன். இந்தப் படை யாருடைய ஆணையை எதிர்த்து நடந்தது என்பதுதான் வரலாற்றின் வேடிக்கை. 1937இல் சென்னை மாகாணத்தின் முதலமைச்சராகப் பொறுப்பேற்ற இராஜாஜி, 1938 ஏப்ரலில் 125 உயர்நிலைப் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கியிருந்தார்.

இரண்டு நடைப்பயணம், இரண்டு பாட்டு, நடுவே ஒரே மனிதர். முதலாவதில் படையை நடத்தினார். இரண்டாவதில் படை அவரை நோக்கி நடந்தது.

தமிழர் படை வருவதற்கு முன்பே, 1938 சூன் தொடக்கத்திலிருந்து, தியாகராய நகரிலிருந்த முதலமைச்சர் வீட்டு வாயிலில் மறியல் தொடங்கிவிட்டது. தொண்டர்கள் வந்து நின்றார்கள், முழக்கமிட்டார்கள், உண்ணாநோன்பும் நடந்தது. சௌகார்பேட்டை இந்து தியாலாஜிகல் பள்ளியின் முன்னும் நாள்தோறும் மறியல். கைதுகள் தொடர்ந்தன. எந்தச் சட்டத்தின்கீழ் என்று கேட்டால்தான் நெஞ்சு உறுத்தும். சட்டமறுப்பு இயக்கத்தின் மறியலை ஒடுக்க ஆங்கில அரசு 1932இல் கொண்டுவந்த குற்றவியல் சட்டத் திருத்தச் சட்டம் அது. காங்கிரசு இயக்கம் அடக்குமுறைச் சட்டமென்று வன்மையாகக் கண்டித்த அதே சட்டம். சட்டமன்றத்தில் அதைப் பயன்படுத்தியதைத் தற்காத்துப் பேசினார் இராஜாஜி.

அவர் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுவது முறை. ஒருவர் வீட்டு வாயிலில் விடியற்காலை முதல் கூட்டம் நின்று கூவினால் வீட்டிலுள்ளார் என்ன செய்வார்? முழக்கங்களில் வசைமொழி கலந்திருந்தது என்பதும் ஆட்சித்தரப்பின் முறையீடு. அது முழுப்பொய்யாக இருந்திருக்க இயலாது. கூட்டத்தின் நாவுக்கு எக்காலத்திலும் கடிவாளம் குறைவு. வீட்டு வாயிலினின்று நூறடி தள்ளி நில்லுங்கள் என்று சொல்லியிருந்தால் அதில் பிழையில்லை. நின்றதற்கே மாதக்கணக்கில் சிறை என்றபோதுதான் தராசு சாய்ந்தது.

பேச்சுக்கும் சிறை கிடைத்தது. 1938 நவம்பர் 13 அன்று சென்னையில் கூடிய தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு ஈ.வெ.ராவுக்குப் ‘பெரியார்’ என்னும் பட்டத்தை வழங்கியது. மறுநாளே டாக்டர் தருமாம்பாள், மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் உள்ளிட்ட ஐந்து பெண்கள் மறியல் செய்து சிறை புகுந்தனர். கைக்குழந்தைகளுடன் சென்றவர்களும் உண்டு. பெண்களை மறியலுக்குத் தூண்டிப் பேசினார் என்பது பெரியார்மீது சாட்டப்பட்ட குற்றம். அவர் பெல்லாரிச் சிறைக்கு அனுப்பப்பட்டார். கிளர்ச்சி முழுவதிலும் சிறைப்பட்டவர் சுமார் 1,200 பேர். அவர்களுள் நடராசன் 1939 சனவரியிலும் தாளமுத்து மார்ச்சிலும் சிறைவாசத்தின்போதே மறைந்தனர். எழும்பூரில் பெருநகர வளர்ச்சிக் குழுமம் இருக்கும் மாளிகைக்கு ஏன் அந்தப் பெயர் என்று அங்கே வரைபட அனுமதிக்குக் காத்திருப்பவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ!

கவிஞர்கள் நினைவில் கொள்ளத்தக்க இன்னொருவர் சத்தியமூர்த்தி. 1928இல் பாரதியார் பாடல் நூல்களைச் சென்னை அரசு பறிமுதல் செய்தபோது சட்டமன்றத்தில் அதை எதிர்த்து வாதாடியவர் அவர். பத்தாண்டு கழித்துத் தம் கட்சியே ஆட்சியில் அமர்ந்து மறியல்காரர்களைச் சிறைக்கு அனுப்பியபோது, அந்தச் சட்டத்தைக் கையாள்வது சரியன்று எனக் காந்தியடிகளுக்கு எழுதினார். எதிரி ஆளும்போது உரிமை பேசுவது எளிது. தோழன் ஆளும்போது பேசியவர் சிலரே.

இராஜாஜி பின்னும் பலமுறை அந்த வாயிலின் இருபுறமும் நின்றார். 1950 சனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 19ஆம் பிரிவு, பேசும் உரிமையையும், அமைதியாக ஆயுதமின்றிக் கூடும் உரிமையையும் குடிமக்களுக்கு அளித்தது. நான்கே மாதத்தில் அதற்குச் சோதனை வந்தது, அதுவும் சென்னையிலிருந்து. ‘கிராஸ் ரோட்ஸ்’ என்னும் இதழ் மாநிலத்தினுள் நுழையக்கூடாதெனச் சென்னை அரசு விதித்த தடை செல்லாதென்று மே 26 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதிய நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி சென்னையைச் சேர்ந்தவர். மறு ஆண்டே முதலாவது திருத்தம் வந்து, பொது ஒழுங்கின் பெயரால் பேச்சைக் கட்டுப்படுத்த வழிசெய்தது. அப்போது நடுவண் அரசின் உள்துறை அமைச்சர் இராஜாஜி. ஆட்சேபத்துக்குரிய செய்திகளைக் கட்டுப்படுத்தும் 1951ஆம் ஆண்டின் பத்திரிகைச் சட்டத்தை நாடாளுமன்றத்தில் கொண்டுவந்தவரும் அவரே.

1953இல் அவர் மீண்டும் சென்னை முதலமைச்சர். பள்ளிநேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோர் தொழிலைக் கற்கச் செய்த கல்வித்திட்டத்தை, குலக்கல்வி என்று எதிர்த்தவர்கள் சூலையில் அவர் வீட்டு முன் மறியல் செய்தனர். பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் அதே வகை முழக்கம், அதே வகைக் கைது. 1954இல் அவர் பதவி விலகினார். அதன் பின்னர் அவர் எழுதியவற்றைப் படிப்பவர்க்கு வியப்பு மிகும். இந்தித் திணிப்பைக் கடுமையாகச் சாடினார். 1959இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். ‘சுயராஜ்யா’ இதழில் வாரந்தோறும் ஆளுங்கட்சியைக் குடைந்தார். பசுல்லா சாலையில் இருந்தபடி அந்த முதியவர் துய்த்த பேச்சுரிமை, 1938இல் தம் வாயிலில் நின்ற தொண்டனுக்கு அவர் மறுத்த அதே உரிமைதான். நேர்மையானவர், கூர்த்த மதியினர், சிறைக்கஞ்சாதவர். அத்தகையவர்க்கே பதவியில் அமர்ந்ததும் வாயிலில் நிற்பவனின் குரல் வேறாகக் கேட்டது என்றால், ஏனையோரைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை.

இது ஒருவர்மீது மட்டும் சாட்டும் குறையுமன்று. 1953இல் கல்லக்குடித் தண்டவாளத்தில் படுத்துப் போராடியவர் முதலமைச்சராக இருந்த காலத்தில்தான், 1972இல், மின்கட்டண உயர்வை எதிர்த்த உழவர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 2018 மே 22 அன்று வேறொரு கட்சியின் ஆட்சியில், ஆலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாளில், தூத்துக்குடியில் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நோக்கிச் சென்றவர்கள் சுடப்பட்டு 13 பேர் இறந்தனர். கொடி மாறும், வாயிலுக்குள் இருப்பவர் காது மட்டும் மாறுவதில்லை.

சென்னையில் கூட்டத்துக்கும் ஊர்வலத்துக்கும் காவல்துறையின் ஒப்புதல் வேண்டுமென்பது 1888ஆம் ஆண்டின் மாநகரக் காவல் சட்டத்தில், 41ஆம் பிரிவில் உள்ளது. பாரதியாருக்கு ஆறு வயதானபோது வெள்ளையர் இயற்றிய சட்டம் அது. சாலையில் கூடுவதை முறைப்படுத்தலாம், முற்றாக மறுக்கலாகாது என்று 1972இல் குசராத்து வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. முறைப்படுத்துவதற்கும் மறுப்பதற்கும் இடையிலான கோடு எங்கே விழுகிறது என்பதை இன்னும் விண்ணப்பத்தைக் கையில் வாங்கும் அதிகாரியின் பேனாதான் முடிவு செய்கிறது.

இதில் கவிஞர்க்கு என்ன வேலை? இன்றைய கவியரங்குகளில் பாதி நேரம் தலைவரை வாழ்த்துவதிலேயே கழிகிறது. மீதி நேரத்தில் சமுதாயக் கொடுமை சாடப்படுகிறது, யாருடைய பெயரும் சொல்லாமல். நாமக்கல் கவிஞர் பாட்டை விரும்புவோர் பாரதிதாசன் பாட்டு வரும்போது தொண்டையைச் செருமுகிறார்கள். அவரைப் போற்றுவோர் இவருக்கு முகம் சுளிக்கிறார்கள். இரு பாட்டும் பிறந்தது திருச்சிச் சாலைப் புழுதியில், வெறுங்கையோடு நடந்தவர்களின் கால்களுக்காக. இவ்வட்டத்தின் பதினோராம் ஆண்டு முதற்கூட்டத்தில் இரண்டையும் அடுத்தடுத்துப் பாடச் செய்யலாம். எந்தப் பாட்டுக்கு எவர் அவையை விட்டு எழுந்து தேநீர் அருந்தப் போகிறார் என்பதையும் செயலாளர் குறித்து வைக்கலாம்.