துடைப்பம் முதலில் யார் கையில்?

ஜமுனாமரத்தூரில் கூடியிருக்கும் ஊர்ப் பெரியவர்களே, ஆசிரியப் பெருமக்களே, பள்ளி மேலாண்மைக் குழுவிலிருந்து வந்திருக்கும் தாய்மார்களே, முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே!

பள்ளி வளாகத் தூய்மைக்காக மார்ச் 10 என்ற ஒரு தேதியை உங்கள் முன்னால் வைக்க வந்திருக்கிறேன்.

1977, மார்ச் 10. யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைத்துக்கொண்டு கடந்தது. நம் மலையில், காவலூரில், ஒரு மீட்டர் தொலைநோக்கி வழியாக அதைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள். உலகின் வேறு சில இடங்களிலும் கவனித்தார்கள். கோள் மறைப்பதற்கு முன்பே அந்த விண்மீனின் ஒளி சற்று மங்கி மீண்டது. யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருக்கின்றன என்று உலகம் அறிந்துகொண்டது அன்றைய பதிவுகளிலிருந்துதான். நம் மலையின் வானம் தெளிவாக இருந்தது, இருட்டு இருட்டாகவே இருந்தது. அதனால்தான் விஞ்ஞானிகள் இங்கே வந்தார்கள். தெளிவு என்பது நம் மலையின் சொத்து. பள்ளிக்குப் பின்னால் பிளாஸ்டிக்கைக் குவித்துக் கொளுத்தும்போது அந்தச் சொத்தைத்தான் கொளுத்துகிறோம்.

அதற்கு 62 ஆண்டுகளுக்கு முன்னால், 1915இல், அதே மார்ச் 10. வங்காளத்தில் சாந்திநிகேதன். காந்தி தென்னாப்பிரிக்காவை விட்டுத் தாயகம் திரும்பியிருந்த நேரம். அங்கே தாகூரின் பள்ளியில் ஆசிரியர்களையும் மாணவர்களையும் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்: சம்பளத்துக்கு வைத்த சமையல்காரர்கள் எதற்கு, உங்கள் வேலையை நீங்களே செய்துகொண்டால் என்ன? ஆசிரியர்கள் சம்மதித்தால் தமக்குத் தடையில்லை என்றார் தாகூர். 125 மாணவர்களும் ஆசிரியர்களும் இறங்கினார்கள். சமையல், காய் நறுக்குவது, பாத்திரம் தேய்ப்பது, சமையற்கட்டையும் சுற்றுப்புறத்தையும் பெருக்குவது என்று குழுக் குழுவாகப் பிரித்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் அது பிடித்துவிடவில்லை. சிலர் சீக்கிரமே களைத்தார்கள். ஆனால் பாருங்கள், மலைபோல் குவிந்த பாத்திரங்களைத் தேய்ப்பவர்களுக்கு அலுப்புத் தட்டாமலிருக்க ஒரு கூட்டம் பக்கத்தில் உட்கார்ந்து சிதார் வாசித்ததாம். எனக்கு மிகவும் பிடித்த செய்தி இதுதான். ஊக்கப்படுத்துவது எப்படி என்று பயிற்சி வகுப்புகளில் மணிக்கணக்காகப் பேசுகிறோமே, அந்தப் பிள்ளைகள் சிதாரை எடுத்துவந்து முடித்துவிட்டார்கள்.

அந்த முயற்சி நீடிக்கவில்லை. கொஞ்ச காலத்தில் நின்றுபோனது. ஆனாலும் ஆண்டுதோறும் மார்ச் 10 அன்று சாந்திநிகேதனில் பணியாளர்களுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, ஆசிரியர்களும் மாணவர்களும் அந்த வேலைகளைத் தாங்களே செய்யும் வழக்கம் வந்தது. நின்றுபோன ஒன்றுக்காக ஒரு நாளை ஒதுக்கி வைக்கும் அளவுக்கு அது அவர்கள் மனத்தில் பதிந்திருக்கிறது.

ஆசிரியப் பெருமக்களே, தாகூர் ஆசிரியர்களின் சம்மதத்தைத்தான் நிபந்தனையாக வைத்தார். வளாகத் தூய்மை நாள் என்று அறிவித்துவிட்டு, நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து 'அந்தப் பக்கம் பார், இந்தப் பக்கம் பார்' என்று சொன்னால் பிள்ளைகள் பெருக்குவார்கள். ஆனால் பெருக்குவது தாழ்ந்தவர் வேலை என்பதையும் அன்றைக்கே கற்றுக்கொள்வார்கள். தலைமையாசிரியர் கையில் முதல் துடைப்பம் இருக்கட்டும். வேறு எந்தப் பரிசும் சான்றிதழும் தேவைப்படாது.

தாமதமாக வரும் பிள்ளையைத் தண்டனையாகக் காகிதம் பொறுக்க வைக்கிறோம். இதை இன்றோடு விட்டுவிடுங்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன். குற்றத்துக்குக் கூலியாகக் கொடுத்த வேலையை மறுநாள் சேவை என்று சொன்னால் எந்தப் பிள்ளை நம்பும்? பெண் பிள்ளைகள் பெருக்க வேண்டும், ஆண் பிள்ளைகள் பெஞ்சு தூக்க வேண்டும் என்ற பாகுபாடும் வேண்டாம். 2022இல் ஈரோடு மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் பட்டியலினப் பிள்ளைகளைக் கழிவறை கழுவ வைத்ததாகப் புகார் எழுந்து, தலைமையாசிரியை கைது செய்யப்பட்டார். அந்தச் செய்தியை நாம் மறக்கக்கூடாது. கழிவறையைக் கழுவுவதற்கு உரிய ஊதியத்தோடும் கையுறையோடும் பணியாளர் இருக்க வேண்டும். ஆள் இல்லையென்றால் மேலாண்மைக் குழு எழுதிக் கேட்க வேண்டும். பிள்ளைகளைக் கொண்டு அந்த இடத்தை நிரப்பக்கூடாது. வளாகத் தூய்மை எல்லோரும் சேர்ந்து செய்வது. சாதி பார்த்து, வீடு பார்த்து ஆள் பிரித்தால் அது தூய்மையே ஆகாது.

நம் மலைப் பள்ளிகளில் பல, பிள்ளைகள் தங்கிப் படிக்கும் உண்டு உறைவிடப் பள்ளிகள். அவர்களுக்கு அந்த வளாகம்தான் வாசலும் முற்றமும். அதனால் வேலையைப் பற்றியும் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

மரத்தடிச் சருகை ஒன்றுவிடாமல் வழித்தெடுக்காதீர்கள். இது சரிவு நிலம். மூடாக்கு இல்லாத மண்ணை முதல் மழையே அடித்துக்கொண்டு போய்விடும். நடைபாதையிலும் வகுப்பு வாசலிலும் விழுந்ததை மட்டும் கூட்டி, சத்துணவுக்கூடத்துக் காய்கறித் தோலோடு குழியில் போட்டு, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் சில மாதங்களில் எரு கிடைக்கும். புதர் மண்டிய மூலைக்குப் பிள்ளைகளை அனுப்பவே கூடாது. பாம்பு இருக்கும், உடைந்த பாட்டில் இருக்கும். முந்தைய நாளே ஊர்ப் பெரியவர்கள் நான்கு பேர் கத்தியோடும் மண்வெட்டியோடும் வந்து அதை முடித்துக் கொடுங்கள். இரவில் பள்ளித் திடலில் உட்கார்ந்து குடித்துவிட்டுப் பாட்டிலை வீசுகிறவர்களும் நம் ஊர்க்காரர்கள்தானே! அவர்களைத் தட்டிக் கேட்பது ஆசிரியரின் வேலையல்ல, உங்கள் வேலை.

ஒரு நாள் செய்து படம் எடுத்துக்கொண்டு போவதில் பயனில்லை என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. டெங்குக் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரமோ பத்து நாளோ போதும். பழைய டயரில், தேங்காய்த் தொட்டியில், உடைந்த வாளியில் தேங்கிய தண்ணீரே அதற்குத் தாராளம். எனவே வாரம் ஒருமுறை அரை மணி நேரம் சுற்றிவந்து கவிழ்த்துவிட்டால் கொசு தலையெடுக்காது. மாதம் ஒருமுறை செய்தால் அதற்குள் கொசு பறந்திருக்கும்.

பிளாஸ்டிக்கைப் பொறுத்தவரை, ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பல பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. தடை காகிதத்தில் இருக்கிறது. உறை நம் ஓடையில் இருக்கிறது. இங்கே பிறக்கும் செய்யாறு கீழே இறங்கி ஓடி, திருமுக்கூடலில் பாலாற்றோடு கலக்கிறது. நம் பிள்ளை இங்கே போட்ட மிட்டாய்த் தாள், வெள்ளம் வந்தால் அதுவரை போகும். ஆகவே பொறுக்கியதைக் கொளுத்தாமல், ஓடையில் தள்ளாமல், மூட்டையாகக் கட்டி ஊராட்சியின் தூய்மைக் காவலரிடம் ஒப்படைக்க வேண்டும். வாகனம் எந்தக் கிழமை வரும் என்பதை முன்கூட்டியே பேசி வைத்துவிட்டுத்தான் பிள்ளைகளை வேலைக்கு அழைக்க வேண்டும்.

2023இல் அரசு 'எங்கள் பள்ளி மிளிரும் பள்ளி' என்ற தூய்மை இயக்கத்தைத் தொடங்கியபோது பள்ளிகள் பெருக்கின. நல்ல தொடக்கம் அது. மலையில் நாம் அதோடு ஒரு நாளைச் சேர்த்துக்கொள்வோம். வரும் மார்ச் 10 அன்று, பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகளை விட்டுவிட்டு மற்ற எல்லோரும் இறங்குவோம். பம்பையோ பறையோ, உங்கள் ஊரில் எது உண்டோ, வாசிக்கத் தெரிந்தவர்களை அழைத்து வாருங்கள். வேலை நடக்கும்போது பக்கத்தில் வாசிக்கட்டும். அன்று துப்புரவுப் பணியாளர்களுக்கு விடுமுறை கொடுத்து, மதியச் சாப்பாட்டுக்கு விருந்தாளியாகக் கூப்பிட்டு, ஆசிரியர்களே பரிமாறுங்கள். மாலையில் பெரிய பிள்ளைகளுக்கு, காவலூரில் அந்த நாளில் என்ன நடந்தது என்று அறிவியல் ஆசிரியர் சொல்லிக் கொடுக்கட்டும்.

தலைமையாசிரியர்கள் அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்திலேயே இதைத் தீர்மானமாக வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எந்தப் பள்ளி கூப்பிட்டாலும் அன்று காலை என் துடைப்பத்தோடு வருகிறேன்.