விலை வந்தது, மறுபாதி வரவில்லை

(வெள்ளவத்தையில் நடந்த உறுப்பினர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)

மலையகத்திலிருந்து வந்து இந்தக் காலி வீதிக் கடைகளில் வேலை செய்யும் தம்பி தங்கைமாரே!

2022ஆம் ஆண்டை நாம் யாரும் மறக்கவில்லை. எண்ணெய்க் கப்பல் வந்ததா, இல்லையா என்று அன்று நாம் போனில்தான் பார்த்தோம். எரிசக்தி அமைச்சரே டுவிட்டரில் எழுதினார். அது முகநூலுக்கு வந்து, பிறகு வாட்ஸ்அப்புக்கு வந்து, இங்கே கடையில் நிற்கும் பிள்ளையின் குரலில் லயத்துக்குப் போய்ச் சேர்ந்தது. தோட்டத்துக்குத் தபால்காரர் நாம்தான்.

அந்தத் தபாலை ஒழுங்காகக் கொடுத்தோமா?

ஆகஸ்ட் 21 நள்ளிரவு மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவானது. அந்தச் செய்தி ஒரு நொடியில் எல்லா லயத்துக்கும் போனது. ஆனால் அமைச்சர் ஆங்கிலத்தில் எழுதிய அதே பதிவில் இன்னொரு பாதியும் இருந்தது. மண்ணெண்ணெயை நம்பி வாழும் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கும், மீனவருக்கும், தோட்டத்துறைக்கும் நேரடிப் பண மானியம் என்பதே அது. விலையை அனுப்பிய நம்மில் எத்தனை பேர் மானியத்தைத் தமிழில் சொல்லி அனுப்பினோம்? தெரியாத உரிமையை யாரும் கேட்கமாட்டார்கள்.

எண்ணெய்க் கதை பெரிய இடத்துக் கதை என்று நினைக்காதீர்கள். ஈரானிடம் வாங்கிய எண்ணெய்க்காக நாடு 251 மில்லியன் டொலர் கடன்பட்டிருந்தது. அதைத் தேயிலையாகக் கொடுத்துத் தீர்ப்பதென்று 2021 டிசம்பரில் உடன்பாடு செய்தார்கள். நாம் பறித்த கொழுந்தால்தான் எண்ணெய்க் கடனை அடைப்பதென்று முடிவானது. அப்படியிருக்க, எண்ணெய்க் கொள்கையில் நமக்குப் பேச்சில்லையா?

மக்கள் எண்ணெய் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று ஆராய்பவர்கள் இன்று சமூக வலைத்தளங்களைப் பார்க்கிறார்கள். அங்கே அதிகம் கேட்பது வாகனம் வைத்திருப்பவரின் குரல். கியூஆர் அட்டையும் வாகன இலக்கத்துக்குத்தான் வந்தது. கேனைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்ற அம்மா முகநூலில் எதுவும் எழுதவில்லை. எழுதாததால் அவருக்குக் கருத்தே இல்லை என்று ஆகிவிடக் கூடாது.

ஆகவே மூன்று வேலை செய்வோம். ஒரு செய்தியை அனுப்புமுன் யார் சொன்னது, எந்தத் திகதி என்று பார்ப்போம். மறுபாதியையும் படித்து, தமிழில் சொல்லி அனுப்புவோம். வீட்டில் மாதம் எத்தனை லீற்றர் மண்ணெண்ணெய் எரிகிறது, என்ன விலைக்கு வாங்கினார்கள், மானியம் கையில் கிடைத்ததா என்று ஊரிலிருந்து கேட்டு வாங்குவோம். அதைத் தோட்டக் கமிட்டித் தலைவரும் மாதர் சங்கத் தலைவியும் ஒரு கொப்பியில் எழுதட்டும். பேச்சுவார்த்தை மேசைக்குச் சங்கம் அந்தக் கொப்பியோடு போகட்டும்.

இன்றிரவு வீட்டுக்குப் பேசும்போது, முதலில் இதைக் கேளுங்கள்.