உதிரிபாகத்தின் மீது யாருக்கு உரிமை?

(பழுதுபார்க்கும் உரிமை குறித்த கட்சி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



விலை கொடுத்து வாங்கிய பொருள் வாங்கியவருக்கே சொந்தம் என்பது சந்தை அளிக்கும் முதல் வாக்குறுதி. கைப்பேசியோ, காரோ, டிராக்டரோ பழுதாகி நிற்கும்போது அந்த வாக்குறுதியின் எல்லை தெரிந்துவிடுகிறது. உதிரிபாகம் தயாரிப்பு நிறுவனத்திடம் மட்டுமே கிடைக்கும். கோளாறைக் கண்டறியும் மென்பொருளும் அதனிடம் மட்டுமே இருக்கும். வெளியாள் ஒருவர் திறந்து பார்த்தால் வாரண்டி ரத்தாகும். பொருள் கைமாறிய பின்னரும் அதன் மீதான ஆதிக்கம் கைமாறுவதில்லை.

இதை நடுத்தர வர்க்க நுகர்வோரின் மனக்குறை என்று ஒதுக்கிவிட இயலாது. தில்லி கஃபார் மார்க்கெட்டிலும், மும்பை லேமிங்டன் சாலையிலும், சென்னை ரிச்சி தெருவிலும், சிற்றூர்ப் பேருந்து நிலையங்களை ஒட்டிய கடைகளிலும் பழுதுபார்த்துப் பிழைக்கும் உழைப்பாளிகளின் வாழ்வுரிமை இதில் அடங்கியிருக்கிறது. கட்சி இப்பிரச்சினையை அணுக வேண்டிய இடமும் அதுவே.

பழைய தந்திரம், புதிய கருவி

ஏகபோக மூலதனத்திற்கு இது புதிய வித்தை அன்று. 1924இல் ஆஸ்ராம், பிலிப்ஸ் உள்ளிட்ட மின்விளக்கு நிறுவனங்கள் ஜெனீவாவை மையமாகக் கொண்டு 'ஃபீபஸ்' என்ற கூட்டணியை அமைத்தன. பல்பின் ஆயுள் 1,000 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்று அவை தமக்குள் வரையறுத்தன. வரம்பை மீறிய உறுப்பு நிறுவனம் அபராதம் கட்ட வேண்டியிருந்தது. நீண்டகாலம் எரியும் விளக்கைச் செய்யத் தெரிந்தவர்களே, குறுகிய காலத்தில் அணைந்துபோகும் விளக்கைச் செய்வதற்குத் தமது அறிவைச் செலவிட்டனர்.

இயந்திரம் தேய்வதால் மட்டும் மதிப்பிழப்பதில்லை. அதைவிடச் சிறந்த அல்லது மலிவான இயந்திரம் வந்துவிட்டாலும் மதிப்பிழக்கிறது என்று 'மூலதனம்' முதல் தொகுதியில் மார்க்ஸ் விளக்கினார். அங்கே மதிப்பிழப்பை நிகழ்த்தியது போட்டி. இன்றோ மேலான கருவி எதுவும் வராத நிலையிலும், ஒரு பாகத்தைக் கொடுக்க மறுப்பதன் மூலமே நல்ல கருவியைக் குப்பையாக்கிவிட முடிகிறது. இங்கே அந்த வேலையைச் செய்வது ஏகபோகம்.

கார் நிறுவனங்களின் வழக்கு

இந்தியாவில் இவ்வேகபோகம் ஆவணப்பூர்வமாக அம்பலமான வழக்கு ஒன்று உண்டு. கார் நிறுவனங்கள் அசல் உதிரிபாகங்களை வெளிச்சந்தையில் விற்க மறுக்கின்றன என்று 2011இல் இந்தியப் போட்டி ஆணையத்திடம் புகார் அளிக்கப்பட்டது. விசாரணை படிப்படியாக விரிந்தது. 2014 ஆகஸ்ட் 25 அன்று மாருதி, டாடா, மகிந்திரா, ஹோண்டா, டொயோட்டா உள்ளிட்ட 14 நிறுவனங்களுக்கு மொத்தம் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்து ஆணையம் உத்தரவிட்டது.

அவ்வுத்தரவின் தர்க்கம் கவனத்திற்குரியது. காரை வாங்கும் வரையில்தான் வாங்குபவருக்குத் தேர்வு உண்டு. வாங்கிய பின், அந்தக் காருக்கு அந்த நிறுவனத்தின் பாகமே பொருந்தும். எனவே விற்பனைச் சந்தையில் போட்டியாளர்களாக நிற்கும் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் தத்தம் உதிரிபாகச் சந்தையில் ஏகபோகமாக இருக்கின்றன என்று ஆணையம் கண்டது. அறிவுசார் சொத்துரிமை, பாதுகாப்பு, போலிப் பாகங்கள் என்று நிறுவனங்கள் கூறிய காரணங்களை ஆணையம் ஏற்கவில்லை. பாகங்களையும் கோளாறறியும் கருவிகளையும் தனிப் பணிமனைகளுக்கும் வழங்க வேண்டும், வெளியே பழுதுபார்த்தார் என்பதற்காகவே வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யக்கூடாது என்று பணித்தது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குச் சென்றன. வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. தெருமுனை மெக்கானிக்கின் கைக்கு அந்த உத்தரவு வந்து சேரவில்லை.

பாகத்திற்கும் பூட்டு

காரில் பாகத்தை மறைத்து வைத்தார்கள் எனில், கைப்பேசியில் பாகத்திற்கே பூட்டுப் போட்டுவிட்டார்கள். டிஸ்ப்ளே, பேட்டரி, கேமரா ஆகியவற்றுக்குத் தனித்தனி அடையாள எண் இடப்படுகிறது. அந்த எண்ணைக் கருவியின் மென்பொருள் சரிபார்க்கிறது. அதே நிறுவனத்தின், அதே மாதிரியின் மற்றொரு கைப்பேசியிலிருந்து கழற்றிய அசல் பாகத்தைப் பொருத்தினாலும், 'அறியப்படாத பாகம்' என்ற எச்சரிக்கை திரையில் தோன்றலாம். சில வசதிகள் செயலற்றும் போகலாம்.

இதன் பொருளை ரிச்சி தெருவின் தொழிலாளி நன்கறிவார். செத்துப்போன பத்துக் கைப்பேசிகளின் உறுப்புகளைக் கொண்டு உயிருள்ள மூன்றை எழுப்புவதே அவரது தொழில். நிறுவனம் அவருக்கு வரைபடம் தரவில்லை, கையேடு தரவில்லை. உருப்பெருக்கியின் அடியில் மதர்போர்டை வைத்து, சகதொழிலாளியிடம் கேட்டுக் கேட்டு, அவர் தாமே சேர்த்த அறிவு அது. பாகத்தின் எண்ணைப் பூட்டுவதன் வழியாக அந்த அறிவு மொத்தமும் ஒரே நாளில் செல்லாக்காசாக்கப்படுகிறது. கைவினைஞரின் திறனை இயந்திரத்திற்கு மாற்றி அவரைத் திறனற்றவராக்கிய வரலாறு, மென்பொருளின் வழியே மீண்டும் நிகழ்கிறது.

பாதுகாப்பு என்னும் வாதத்தையும் நேர்மையோடு எதிர்கொள்ள வேண்டும். லித்தியம் பேட்டரியைத் தவறாகக் கையாண்டால் தீப்பிடிக்கும் என்பது உண்மையே. ஆனால் சரியான கையேட்டையும் அசல் பாகத்தையும் மறுப்பது அந்த ஆபத்தைக் கூட்டுமேயன்றிக் குறைக்காது. அசல் கிடைக்காத இடத்தில்தான் போலி விற்பனையாகிறது.

தூக்கி எறிவதன் விளைவு உலகமறிந்தது. 2022இல் உலகில் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு உருவானது, அதில் 22.3 விழுக்காடே முறையாகச் சேகரிக்கப்பட்டு மறுசுழற்சி செய்யப்பட்டதாக ஐ.நா. அமைப்புகளின் அறிக்கை கூறுகிறது. எஞ்சியவற்றில் ஒரு பகுதியை தில்லி சீலாம்பூரில் அமிலத்திலும் புகையிலும் வெறுங்கையால் பிரிப்பவர்களும் உழைப்பாளிகளே.

சட்டமா, மதிப்பெண்ணா?

ஒன்றிய அரசு 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு குழுவை அமைத்தது. வேளாண் கருவிகள், கைப்பேசிகள், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் ஆகிய நான்கு துறைகளை அது எடுத்துக்கொண்டது. அவ்வாண்டு டிசம்பரில் ஓர் இணையதளம் தொடங்கப்பட்டது. 2025 மே மாதம் மற்றொரு குழு, கைப்பேசி உள்ளிட்ட மின்னணுப் பொருட்களுக்குப் 'பழுதுபார்ப்புக் குறியீடு' வழங்கப் பரிந்துரைத்தது. அந்த மதிப்பெண்ணை நிறுவனங்கள் தாமே அறிவித்துக்கொள்ளலாம்; கூடுதல் சுமை எதுவும் அவற்றுக்கு இராது. தேர்வெழுதியவரே விடைத்தாளையும் திருத்திக்கொள்ளும் ஏற்பாடு இது.

பிற நாடுகளில் நிலை வேறு. அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் 2023இல் விவசாயக் கருவிகளுக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. ஆரிகன் மாநிலம் 2024இல் பாகத்திற்கு எண்பூட்டுப் போடுவதைக் கட்டுப்படுத்தியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் முதல், கைப்பேசி விற்பனை நின்ற பின்னரும் முக்கிய உதிரிபாகங்களை ஏழாண்டுகள் வழங்க வேண்டும். இவை சோசலிச நாடுகள் அல்ல. விவசாயிகளும் பணிமனைக்காரர்களும் நுகர்வோரும் பல்லாண்டுகள் போராடி நிறுவனங்களிடமிருந்து பெற்றவை. அங்கே கட்டுப்படும் அதே நிறுவனங்கள் இங்கே கட்டுப்படாமல் இருப்பதற்குத் தொழில்நுட்பம் காரணமன்று. இங்கே சட்டம் இல்லை என்பதே காரணம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலும் இவ்வுரிமை வெளிப்படையாக இடம்பெறவில்லை.

கோரிக்கைகள்

ஆகவே, குறியீட்டோடு நிற்காமல் சட்டத்தைக் கோர வேண்டும். உதிரிபாகம், கையேடு, கோளாறறியும் மென்பொருள் ஆகியவை அறிவிக்கப்பட்ட நியாய விலையில் அனைவருக்கும் கிடைக்க வேண்டும். பாகத்திற்கு எண்பூட்டுப் போடுவது தடை செய்யப்பட வேண்டும். வெளியே பழுதுபார்த்தால் வாரண்டி ரத்து என்னும் நிபந்தனை செல்லாது என்று அறிவிக்கப்பட வேண்டும். பழுதுபார்க்கும் தொழிலாளர்களுக்கு ஐ.டி.ஐ.களில் பயிற்சியும் சான்றிதழும், நலவாரியத்தின் வழியே சமூகப் பாதுகாப்பும் வேண்டும்.

இந்நான்கில் கடைசிக் கோரிக்கையை நுகர்வோர் அமைப்புகள் எழுப்பப் போவதில்லை. அதை எழுப்ப வேண்டியது தொழிற்சங்கம். தனித்தனிக் கடைகளில் சிதறிக் கிடப்பதால் இத்தொழிலாளர்களுக்குப் பெரும்பாலான ஊர்களில் இன்னும் சங்கம் இல்லை. டிராக்டருக்குப் பாகம் கிடைக்காமல் அறுவடைக் காலத்தில் காத்து நிற்கும் விவசாயியும், கைப்பேசிக் கடையில் குனிந்திருக்கும் இளைஞரும் ஒரே பூட்டின் முன்னே நிற்கிறார்கள் என்பதை இருவருக்கும் எடுத்துரைப்பது, ஒவ்வொரு கிளையும் தன் பகுதிக் கடைத்தெருவிலிருந்து தொடங்கக்கூடிய பணி.